பட்டன் மாறிக்கிட்டே இருக்கும், நாம எப்படிக் கத்துக்கறது? தோட்டத்து ஊர்ல அடிக்கடி கேக்கற கேள்விங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் கோயில் கமிட்டி, பள்ளிக்கூடப் பெற்றோர் சங்கம், மளிகைக்கடை, ஆன்லைன்ல பலகாரம் விக்கற அக்காமாருங்க, எல்லாரும் சுத்திச் சுத்தி ஒரே மாதிரிதான் கேக்கறாங்க. ஆப் மாறிடுச்சு, ரூல் மாறிடுச்சு, தெரிஞ்ச தம்பி ஊரை விட்டுப் போயிட்டாரு, இப்ப என்ன செய்யறது. தனித்தனியா வாய்ஸ் மெசேஜ்ல சொல்லிச் சொல்லித் தொண்டை காஞ்சு போச்சு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். பெரிய கம்பெனிக்கு ஐடி டிப்பார்ட்மெண்ட் இருக்கும், நமக்கு இருக்கறது ரெண்டு ஹென்போன், ஒரு வாட்ஸ்அப் குரூப், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம். அவ்வளவுதான். அதுக்குள்ள என்ன முடியுமோ அதை மட்டும் பேசறேன்.

ஒண்ணைக் கத்து முடிக்கறதுக்குள்ள அது மாறிடுது, அப்புறம் எதுக்குங்க கத்துக்கணும்?

எல்லாம் ஒரே வேகத்துல மாறறதில்லைங்க. பட்டன் எங்க இருக்கு, என்ன கலரு, மெனு பேரு என்ன, இதெல்லாம் மாசாமாசம் மாறும், அதை மனப்பாடம் பண்ணி ஒரு புண்ணியமும் இல்ல. அந்தப் பட்டன் எதுக்கு இருக்கு, யாரு ஒப்புதல் கொடுக்கறது, காசு எங்கேர்ந்து எங்க போகுது, இது மெதுவாத்தான் மாறும்.

பேங்க் விஷயத்தையே எடுத்துக்குங்க. முன்னாடி எஸ்எம்எஸ்ல நம்பர் வரும், அதைத் தட்டுவோம், முடிஞ்சது. 2022 செப்டம்பர்ல மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்குப் போங்கன்னு எல்லா பேங்க்குக்கும் சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா ஆப்லயே அப்ரூவ் அமுத்தற மாதிரி ஆயிடுச்சு, புது ஃபோன் மாத்தினா கொஞ்ச நேரம் காத்திருக்கணும்னும் வந்துச்சு. 'நம்பர் வரும், போடணும்'னு மட்டும் கத்து வச்சவங்க அன்னிக்கே முழிச்சாங்க. 'நான் ஆரம்பிச்ச வேலைக்குத்தான் நான் ஒப்புதல் கொடுப்பேன், நான் சும்மா இருக்கறப்ப ஒப்புதல் கேட்டு வந்தா எவனோ உள்ள நுழையப் பாக்கறான்'னு புரிஞ்சு வச்சவங்களுக்கு ஸ்கிரீன் மட்டும்தான் மாறுச்சு, புத்தி மாற வேண்டியதில்ல.

பில்லை ஆன்லைன்ல வருமான வரி வாரியத்துக்கு அனுப்பற இ-இன்வாய்ஸ் இன்னும் நல்ல உதாரணம். 2024 ஆகஸ்ட் 1ல வருஷத்துக்கு 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல வியாபாரம் பண்றவங்களுக்கு முதல்ல வந்துச்சு, 2025 ஜனவரியில இரண்டரைக் கோடிக்கு மேல உள்ளவங்களுக்கு வந்துச்சு. சின்னக் கடைக்கு விலக்குன்னு சொன்ன அளவு இருக்கே, அது ஒன்றரை லட்சம் வெள்ளின்னு ஆரம்பிச்சு, அஞ்சு லட்சமாகி, அப்புறம் 10 லட்சமாயிடுச்சு. நம்ம பக்கத்துல ஒரு கடைக்காரரு பழைய அளவை லேமினேட் பண்ணிக் கல்லாப்பெட்டி மேல ஒட்டி வச்சிருந்தாரு, வர்றவங்களுக்கெல்லாம் அதைக் காட்டி விளக்கம் வேற. அந்த நம்பரைக் கத்துக்கறதை விட, அந்த நம்பர் எந்த இடத்துல இருக்கும்னு கத்துக்கணும். வருமான வரி வாரியத்தோட சொந்தப் பக்கம்தான் அது, அதுலயும் தேதியைப் பாத்துட்டு நம்பணும். ஒட்டணும்னா அந்தப் பக்கத்தோட கியூஆரை ஒட்டுங்கண்ணே.

எங்க கமிட்டியில எல்லாத்தையும் ஒரே தம்பிதான் பாக்கறாரு, அவரு இப்ப சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறாரு. என்ன செய்யணும்?

என்கிட்ட வர்ற கேள்வியிலயே இதுதான் அதிகம், நம்ம ஊர் வியாதியே இதுதான்னு சொல்லலாம். படிச்ச பிள்ளைங்க கேஎல், ஜொகூர், சிங்கப்பூர்னு போயிட்டே இருப்பாங்க, அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனா ஒரு ஆளு போனா ஒரு சங்கத்தோட மூளையே போற மாதிரி வச்சிருக்கமே, அதுதான் கோளாறு. அந்தத் தம்பி கத்துக்கிட்டாரு, சங்கம் ஒண்ணும் கத்துக்கல. ரெண்டும் வேற வேற.

முதல் வேலை சாவி. ஃபேஸ்புக் பேஜ் யாரோட சொந்த அக்கவுண்ட்ல திறந்தது, ஈமெயில் யாரோடது, வெரிஃபிகேஷன் எந்த ஃபோன் நம்பருக்குப் போகுது, இதை உக்காந்து எழுதுங்க. பெரும்பாலும் அந்தத் தம்பியோட பழைய பிரிபெய்ட் நம்பராத்தான் இருக்கும். சிங்கப்பூர்ல புது சிம் வாங்கினதும் இதுக்கு டாப்அப் போட மாட்டாரு, நம்பர் செத்துடும், அதோட கோயில் பேஜும் போயிடும். சங்கத்து பேர்லயே ஒரு ஈமெயில், பேஜ்ல குறைஞ்சது ரெண்டு பேருக்கு முழு கன்ட்ரோல், அந்த ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்காரங்களா இருக்கக் கூடாது. ஏன்னு தோட்டத்து அரசியல் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

ரெண்டாவது, ஒப்படைக்கற முறை. வழக்கமா என்ன நடக்கும், தம்பி லேப்டாப்பைத் திறந்து படபடன்னு காட்டுவாரு, புதுசா வந்த அக்கா 'ஓகே ஓகே'ன்னு தலையாட்டுவாங்க, அடுத்த வாரம் அந்த அக்காவுக்கு லாகின் பக்கமே தெரியாது. திருப்பிப் போடுங்க. அக்கா கையில மவுஸ் இருக்கணும், தம்பி கையைக் கட்டிக்கிட்டு உக்காரணும், கேட்டா மட்டும் வாயத் திறக்கணும். அவரு போறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு தடவையாவது அவரு இல்லாமலே அந்த வேலை நடக்கணும், மாட்டிக்கிட்டா ஃபோன் பண்ணலாம். எங்கெங்க ஃபோன் பண்ண வேண்டி வந்துச்சோ அதுதான் எழுதி வைக்க வேண்டிய இடம்.

மூணாவது நோட்டு. சாதாரண நீள நோட்டு போதும், கூகுள் டாக் வச்சா இன்னும் நல்லது, ஆனா நோட்டுதான் நம்ம ஆளுங்க திறந்து பாக்கறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு கோயில்ல எழுதி வச்சிருந்த ஒரு பக்கம் இப்படி இருக்கும்: 'உண்டியல் பக்கத்துல உள்ள, காசு வந்தா சத்தமாச் சொல்ற கியூஆர் ஸ்பீக்கர் பேசல. வைஃபை பாஸ்வர்ட் மாத்தினதால. பொருளாளர் மகள் வந்து திரும்ப கனெக்ட் பண்ணாங்க. இனிமே பாஸ்வர்ட் மாத்தினா ஸ்பீக்கரையும், கேமராவையும் சேத்துப் பாக்கணும்.' நாலு வரி. என்ன ஆச்சு, ஏன், யாரு சரி பண்ணா, அடுத்த தடவை என்ன. இது இருந்தா அடுத்த வருஷம் வர்ற புதுக் கமிட்டி பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதில்ல. பாஸ்வர்டை மட்டும் அந்த நோட்டுல எழுதாதீங்க, அது தனி உறையில ஒட்டி பீரோல இருக்கட்டும்.

வயசானவங்களால இதெல்லாம் கத்துக்க முடியுமா? என் அம்மாவுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் மறந்துடறாங்க.

அம்மா மறக்கறாங்களா, இல்ல நீங்க ஃபோனைப் பிடுங்கி நீங்களே பண்ணிக் கொடுத்துட்டு 'பாத்தீங்கல்ல'ன்னு சொல்றீங்களா, அதை முதல்ல யோசிங்க. இந்த ஊர்ல உள்ள பாதிப் பேரோட அம்மாமாருங்க பால்மரம், அதாவது கித்தா ரப்பர் மரம், வெட்டினவங்க. பட்டையை எவ்வளவு ஆழம் சீவணும், கொஞ்சம் கூடப் போனா மரத்துல காயம், கொஞ்சம் குறைஞ்சா பால் வராது, அதையும் இருட்டுல நெத்தி விளக்கு வெளிச்சத்துல பண்ணணும். யாரும் புத்தகம் பாத்துக் கத்துக்கல, அம்மாவோடயோ மூத்த அக்காவோடயோ நிரையில, அதாவது மர வரிசையில, நின்னு, கையில கத்தியைப் பிடிச்சு, மரத்தைக் கெடுத்துத் திட்டு வாங்கிக் கத்துக்கிட்டாங்க. அந்த வெட்டும் ஒரு காலத்துல புதுசா வந்ததுதான். 1877ல கோலகங்சார்ல கித்தாக் கன்னு நட்டப்ப எப்படிச் சீவினா மரம் சாகாம பால் கொடுக்கும்னு இங்க யாருக்கும் தெரியாது, சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்கு 1888ல வந்த தாவரவியலாளர் ரிட்லிதான் மரத்துல திரும்பத் திரும்ப சோதிச்சுப் பாத்து ஒரு முறைக்குக் கொண்டு வந்தாரு. அந்த வேலையைக் கத்துக்கிட்ட கைக்கு ஒரு கண்ணாடி ஸ்கிரீனைத் தட்டக் கத்துக்க முடியாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

செய்ய வேண்டியது என்னன்னா, ஃபோன் அவங்க கையிலயே இருக்கணும். எழுத்தைப் பெருசாக்குங்க. ஒரு நாளைக்கு ஒரே வேலை, அதுவும் அவங்களுக்கு வேண்டிய வேலை, பேரப்பிள்ளைக்கு வீடியோ கால் போடறதுன்னு ஆரம்பிச்சா போதும், மைக்ரோசாஃப்ட் வேர்டுல ஆரம்பிக்கற கோர்ஸையெல்லாம் தூக்கிப் போடுங்க. அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு 'அம்மா, நீங்களே போடுங்க பாப்போம்'னு கேளுங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் கேளுங்க. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரரு தன்னைத்தானே சோதிச்சுப் பாத்து 1885லயே எழுதிட்டாரு, புதுசா படிச்சது முதல் ஒண்ணு ரெண்டு நாள்லயே பெரும்பகுதி கரைஞ்சு போயிடும், இடைவெளி விட்டுத் திரும்ப ஞாபகப்படுத்தினா நிக்கும். மறக்கறது அம்மாவோட குறை இல்ல, எல்லா மூளையும் அப்படித்தான்.

பக்கத்துல கம்ப்யூட்டர், இன்டர்நெட் கத்துக் கொடுக்கற அரசாங்க நாடி சென்டர் இருந்தா கூட்டிட்டுப் போங்க, முன்னாடி இன்டர்நெட் சென்டர், பெடின்னெல்லாம் பேரு இருந்ததே அதேதான். அங்க உள்ள பிள்ளைங்க பெத்த பிள்ளைங்களை விடப் பொறுமையாச் சொல்லிக் கொடுப்பாங்க, இது ஊரறிஞ்ச உண்மை.

யூடியூப் பாத்தாலே போதாதா?

தேதியைப் பாருங்க. ரெண்டு வருஷம் பழைய வீடியோன்னா அந்த மெனுவே இருக்காது. பாத்துட்டு வீடியோவை மூடிட்டு நீங்களே செஞ்சு பாருங்க. பாக்கறப்ப புரிஞ்ச மாதிரிதான் இருக்கும், மூடினாத்தான் தெரியும் புரியலன்னு.

தப்பு நடந்தா யாரும் குரூப்ல சொல்றதில்ல, மூடி மறைக்கறாங்க. இதை எப்படி மாத்தறது?

நீங்க என்ன டூல் வாங்கினாலும், எத்தனை கோர்ஸ் போனாலும், இது சரியாகாம ஒரு சங்கமும் ஒரு கடையும் எதையும் கத்துக்காது. ஆன்லைன்ல விஷயம் எப்பவும் முதல்ல ஒரு ஆளுகிட்டத்தான் உடையும். கல்லாவுல நிக்கற பொண்ணுக்குத்தான் முதல்ல தெரியும் கியூஆர் காசு வரலைன்னு, கோயில்ல அர்ச்சனைச் சீட்டு எழுதறவருக்குத்தான் தெரியும் புது சிஸ்டத்துல நட்சத்திரம் போட இடம் இல்லைன்னு. அவங்க வாயத் திறந்தா திட்டு விழும்னா அவங்க திறக்க மாட்டாங்க, தலைவரு நாலு மாசம் கழிச்சு ஊர் சொல்லித் தெரிஞ்சுக்குவாரு.

அமெரிக்க ராணுவத்துல 1970கள்லேர்ந்து ஒரு பழக்கம் இருக்கு, பயிற்சி முடிஞ்சதும் எல்லாரும் உக்காந்து பேசணும், என்ன நடக்கணும்னு நினைச்சோம், என்ன நடந்துச்சு, ஏன் வித்தியாசம், அடுத்த தடவை எதை வச்சுக்கணும் எதை மாத்தணும். ரேங்க் பாக்காம சிப்பாயும் பேசலாம். சாஃப்ட்வேர் கம்பெனிங்களும் சிஸ்டம் படுத்தா இப்படித்தான் உக்காந்து பேசுவாங்க, யாரு பண்ணாங்கறதை விட்டுட்டு எப்படி நடந்துச்சுன்னு எழுதுவாங்க. நமக்குத் தெரிஞ்ச கூட்டம் பெரட்டு, அதான் தோட்டத்துல ஆள் எண்ணி வேலை பிரிக்கற காலைக் கூட்டம். விடியக்காலையில பெரட்டுல நின்னா வேலையை மேல்பார்க்கற மண்டோர் சொல்லுவாரு, மத்தவங்க கேட்டுக்கிட்டுக் கிளம்புவாங்க, எதுத்துக் கேட்டா அன்னிக்கு மேட்டு நிரை உனக்குத்தான். நம்ம கமிட்டிக் கூட்டம் பலது இன்னும் அந்தப் பெரட்டாவே நடக்குது, சட்டை மட்டும் மாறியிருக்கு. அதைத் தலைகீழாப் போடணும், சின்னவங்க முதல்ல பேசணும், தலைவரு கடைசியா. தலைவரு முதல்ல பேசிட்டா அப்புறம் எல்லாரும் 'ஆமாங்க தலைவரே'தான்.

கிறிஸ் ஆர்ஜிரிஸ்னு ஒரு பேராசிரியர் ஹார்வர்ட்ல இருந்தாரு, அவரு சொன்னதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. தப்பை மட்டும் திருத்தறது ஒரு வகை, அந்தத் தப்பு வர்ற மாதிரி நாம வச்சிருக்கற ஏற்பாட்டையே கேள்வி கேக்கறது இன்னொரு வகை. 2025 ஆகஸ்ட் 31ல சாமான் வாங்க அரசாங்கம் கொடுத்த சாரா உதவி 100 வெள்ளி, 18 வயசு ஆன எல்லாரோட மைகாட்லயும் (அடையாள அட்டை) விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? முதல் நாளே கூட்டம் தாங்காம சிஸ்டம் இழுத்துச்சு, பால்மாவையும் அரிசியையும் தூக்கிக்கிட்டு ஜனங்க வரிசையில நிக்கறாங்க, காட் மிஷின் சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு கடையில 'கொஞ்ச நேரம் கழிச்சு வாங்க'ன்னு சொல்லி அனுப்பிச்சாங்க, அது முதல் வகை. இன்னொரு கடையில கல்லாவுல இருந்த பொண்ணு கேட்டுச்சு, 'முதலாளி, இந்தக் காசு டிசம்பர் 31 வரைக்கும் செல்லும்ல, அப்புறம் ஏன் எல்லாரும் இன்னிக்கே வர்றாங்க? அவங்களுக்குத் தெரியாதுல்ல.' ஒரு அட்டையில எழுதி வெளிய மாட்டினாங்க, டிசம்பர் கடைசி வரைக்கும் செல்லும், எந்தெந்த சாமான் இந்தக் காசுல கிடைக்கும், இன்னிக்கு அவசரம் இல்லாதவங்க அடுத்த வாரம் வாங்கன்னு. வரிசை பாதியாயிடுச்சு. அந்தப் பொண்ணு பேசலாம்னு அந்தக் கடையில ஒரு பழக்கம் இருந்ததால வந்த அறிவு அது, முதலாளி பெரிய படிப்பெல்லாம் படிக்கல.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு நாளைக்கு 300 மெசேஜ் வருது, முக்கியமானது காணாமப் போயிடுது.

குட் மார்னிங் ரோஜாப்பூவை நிறுத்த முடியாதுங்க, அதுக்கு முயற்சி பண்ணி நட்பைக் கெடுத்துக்காதீங்க. ரெண்டு குரூப் வைங்க, ஒண்ணு அட்மின் மட்டும் போடற அறிவிப்பு, இன்னொண்ணு பேசறதுக்கு. முக்கியமான மெசேஜை பின் பண்ணுங்க. ஆனா குரூப்பை ஞாபகசக்தின்னு நினைச்சுக்காதீங்க, அது பேச்சு, ஓடிக்கிட்டே இருக்கும். முடிவான விஷயம் அன்னிக்கே நோட்டுக்குப் போயிடணும், இல்லன்னா மூணு மாசம் கழிச்சு அதே சண்டையை மறுபடியும் போடுவீங்க.

ஃபார்வர்ட் பத்தி ஒண்ணு. 2019 ஜனவரியிலேர்ந்து ஒரு மெசேஜை ஒரே நேரத்துல அஞ்சு சாட்டுக்குத்தான் அனுப்பலாம்னு வாட்ஸ்அப் உலகம் முழுக்க வச்சுச்சு, 2020ல ரொம்பச் சுத்தின மெசேஜுக்கு ஒரே ஒரு சாட்டுன்னு இன்னும் குறைச்சுச்சு. ரெட்டை அம்புக்குறி பாத்தீங்கன்னா அது அந்த மாதிரி சுத்தின சரக்கு, எழுதினவரு யாருன்னு அனுப்பினவருக்கே தெரியாது. அதை வச்சு ஒரு முடிவும் எடுக்காதீங்க.

புதுசா வர்ற எல்லாத்துலயும் சேரணுமா? டிக்டாக்ல லைவ் போடுங்கறாங்க, ஏதேதோ ஆப் சொல்றாங்க.

ரெண்டாப் பிரிங்க. சில மாற்றம் நம்மளைக் கேக்காது. 2021 கடைசியோட நாட்டுல 3ஜி நெட்வொர்க்கை மூடிட்டாங்க, பழைய ஃபோன் வச்சிருந்த தோட்டத்து ஆளுங்களுக்கு அன்னிக்கு வேற வழி இல்ல. செம்பனை (எண்ணெய்ப்பனை) வச்சிருக்கறவங்களுக்கு, முறைப்படி பயிர் பண்றதைக் காட்டற எம்எஸ்பிஓ சான்றிதழ் 2020 ஜனவரியிலேர்ந்து கட்டாயம்னு வந்துச்சு, சின்ன நிலக்காரங்களையும் விடல. இந்த மாதிரி விஷயத்துக்கு முன்கூட்டியே காது கொடுத்து வைக்கணும், கடைசி வாரத்துல ஓடக் கூடாது. யாராவது ஒருத்தர் மாசத்துக்கு ஒரு தடவை வருமான வரி, செம்பனை எண்ணெய் வாரியமான எம்பிஓபி, மாவட்ட மன்றம் இந்த மூணு பக்கத்தையும் எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லணும், அதுக்கு ஒரு ஆளைப் போட்டா போதும்.

மத்ததெல்லாம் இஷ்டம். இஷ்டம்னா சின்னதாச் செஞ்சு பாக்கலாம், ஆனா ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எவ்வளவு காசு, எத்தனை வாரம், என்ன நடந்தா நிறுத்தணும்னு எழுதிடுங்க. முறுக்கு விக்கற ஒரு அக்கா தீபாவளிக்கு முன்னாடி ஆறு வாரம் மட்டும் டிக்டாக்னு முடிவு பண்ணாங்க. வியூ ஆயிரக்கணக்குல வந்துச்சு, கிளந்தான்லேர்ந்தெல்லாம் லைக், முறுக்கு வாங்கினது என்னவோ வழக்கமா வாங்கற அதே ஈப்போ வீடுங்கதான். நிறுத்திட்டு அந்த நேரத்துல பழைய வாடிக்கையாளருக்கு எல்லாம் தனித்தனியா மெசேஜ் போட்டாங்க. முன்னாடியே எழுதி வைக்கலைன்னா 'இன்னும் ஒரு வீடியோ போட்டுப் பாப்போம்'னு இன்னிக்கு வரைக்கும் போயிட்டிருக்கும்.

அப்புறம் ஆன்லைன் சந்தைங்க கமிஷனை அவங்க நினைச்சா கூட்டுவாங்க, எந்த வீடியோ யாருக்குப் போகணும்கற கணக்கையும் மாத்துவாங்க. வாடிக்கையாளர் பேரும் நம்பரும் உங்க கையில ஒரு லிஸ்டா இருந்தா எது மாறினாலும் கடை இருக்கும்.

பெரிய கம்பெனிங்க எல்லாம் டேட்டா பாத்துக் கத்துக்கறாங்களாமே, நாமும் அப்படிச் செய்யணுமா?

அவங்க ஒரே பக்கத்தை ரெண்டு விதமாப் போட்டு, லட்சக்கணக்கான பேர்கிட்ட காட்டி, எதுல அதிகம் வாங்கறாங்கன்னு பாப்பாங்க. உங்களுக்கு 60 வாடிக்கையாளர். சிகப்பு போஸ்டருக்கு எட்டு ஆர்டர், பச்சைக்கு அஞ்சு ஆர்டர்னா அதுக்கு அர்த்தம் ஒண்ணும் இல்ல, மழை பெஞ்சிருக்கும், சம்பள நாளா இருந்திருக்கும். அந்த 60 பேரோட முகம் உங்களுக்குத் தெரியும்ல, வாங்காத நாலு பேருக்கு ஃபோன் போட்டு ஏன் வாங்கலன்னு கேளுங்க. இந்த வசதி அவங்களுக்குக் கிடையாது. பழைய கதை ஒண்ணு சொல்றேன், தோட்டங்களைத் துண்டு துண்டா வித்து ஜனங்க நடுரோட்டுக்கு வர்ற நிலைமையில, நம்ம ஊர்ல பிறந்த, அப்ப மஇகா கட்சித் தலைவரா இருந்த சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சப்ப எந்த டேட்டாவும் இல்ல. தோட்டம் தோட்டமாப் போய்ப் பேசினாங்க, பங்கு சேத்தாங்க, தோட்டத்தையே வாங்கினாங்க. ஒரு கூட்டம் புது விஷயத்தைக் கத்துக்கறதுன்னா எப்படி இருக்கும்னு நம்ம தாத்தா பாட்டிங்க செஞ்சு காட்டினதுதான்.

ஏஐகிட்ட கேட்டாலே எல்லாம் சொல்லுதே, அப்புறம் நாம ஏன் கத்துக்கணும்?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில வந்துச்சு, இப்ப இடைநிலைப்பள்ளிப் பிள்ளையும் வச்சிருக்கு. மாவட்ட மன்றத்துக்கு மலாய்ல ஒரு லெட்டர் எழுதணும், தண்ணி வரலன்னு புகார் கொடுக்கணும்னா தாராளமா உபயோகிங்க, முன்னாடி அதுக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையான கிராணி வீட்டு வாசல்ல நின்னோம், அந்தக் கவலை போச்சு. ஆனா மாறிக்கிட்டே இருக்கற விஷயத்துல அதை நம்பாதீங்க. மேல சொன்ன இ-இன்வாய்ஸ் அளவைக் கேட்டா எப்பவோ படிச்ச பழைய நம்பரைத் துளிக்கூடத் தயங்காமச் சொல்லும், தயங்காமச் சொல்றதால நாமளும் நம்பிடுவோம். தேதி, கட்டணம், கடைசி நாள், இந்த மூணும் எப்பவும் அந்தந்த அலுவலகத்துப் பக்கத்துலதான் பாக்கணும். உறுப்பினர்களோட ஐசி (அடையாள அட்டை) நம்பர், ஃபோன் நம்பர் லிஸ்டை அதுல ஒட்டவே ஒட்டாதீங்க.

உங்களுக்கு வேண்டியது லெட்டரா, எழுதற திறமையான்னு தெரிஞ்சுக்குங்க. செயலாளருக்கு லெட்டர் போதும். எஸ்பிஎம் பரீட்சை எழுதப் போற பிள்ளைக்குத் திறமை வேணும், அவன் முதல்ல தானே எழுதிட்டு அப்புறம் அதுகிட்ட தப்பைக் கேக்கணும். முதல்லயே கேட்டா அவனுக்கு ஒண்ணும் மிஞ்சாது.

ஸ்கேம் வாராவாரம் புதுசா வருதே, எத்தனையைத்தான் ஞாபகம் வச்சுக்கறது?

கதையை ஞாபகம் வச்சுக்காதீங்க. பார்சல்ங்கும், போலீஸ்ங்கும், கல்யாணப் பத்திரிகை ஃபைல்ங்கும், மகன் ஆக்சிடெண்ட்ங்கும், கதைக்குப் பஞ்சமே இல்ல. எல்லாக் கதைக்கும் அடியில வேண்டியது கொஞ்சம்தான்: அவசரம், யார்கிட்டயும் சொல்லாதேங்கறது, தெரியாத பேர்ல உள்ள அக்கவுண்ட்டுக்குக் காசு, இல்லன்னா லிங்க் மூலமா ஒரு ஆப் போடச் சொல்றது. இதுல ரெண்டு சேந்து வந்தா ஃபோனை வச்சுடுங்க, மரியாதை எல்லாம் வேண்டாம்.

அக்கவுண்ட் நம்பர், ஃபோன் நம்பரை போலீஸோட செமாக் மியூல் பக்கத்துல தட்டிப் பாக்கலாம், ஏற்கனவே புகார் வந்திருந்தா காட்டும். அதுல இல்லைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல, புது அக்கவுண்ட்டா இருக்கலாம். எல்லா பேங்க்குக்கும் பொதுவான டூயிட்நவ் கியூஆர் ஸ்கேன் பண்ணா காசு அனுப்பறதுக்கு முன்னாடி பேரு காட்டும், அதைப் படிச்சுட்டு அமுத்துங்க. கோயில்காரங்க உண்டியல் பக்கத்துல உள்ள கியூஆரை வாரம் ஒரு தடவை நீங்களே ஒரு வெள்ளி போட்டுப் பாருங்க, மேல வேற எவனாவது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அப்பதான் தெரியும். காசு போயிடுச்சுன்னா உடனே மோசடிப் புகார் நம்பரான 997க்கும் பேங்க்குக்கும் அடிங்க, வெக்கப்பட்டுக்கிட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு காலையில பசியாறிட்டு யோசிக்கலாம்னா காசு அதுக்குள்ள நாலு அக்கவுண்ட் தாண்டிடும். ஏமாந்தவங்களை 'இது கூடத் தெரியாதா'ன்னு கேக்கற வீட்டுல அடுத்த தடவை யாரும் சொல்ல மாட்டாங்க, அப்பவும் காசு போகும்.

எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே, அவங்க பாத்துக்க மாட்டாங்களா?

2020 மார்ச் 18ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப பாதி வீட்டுல பிள்ளைங்கதான் ஆசிரியருக்கும் பெத்தவங்களுக்கும் நடுவுல நின்னு லிங்க் திறந்து கொடுத்தாங்க, உண்மை. பிள்ளைக்கு பட்டன் தெரியும், அந்த பட்டனை அமுத்தினா என்ன ஆகும்னு தெரியாது. உங்களுக்கு அது தெரியும், பட்டன் தெரியாது. ரெண்டு பேரும் சேந்து உக்காருங்க.

கோர்ஸ், சர்டிபிகேட் எல்லாம் பிரயோஜனமா?

ஆளைப் பொறுத்தது. கம்பெனி வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க, சட்டத்துல வர்ற துறையில 10 மலேசிய ஊழியரோ அதுக்கு மேலயோ இருந்தா, அரசாங்கப் பயிற்சி நிதியைப் பாத்துக்கற எச்ஆர்டி கார்ப்புக்கு மாசாமாசம் சம்பளத்துல 1 விழுக்காடு லெவி கட்டறீங்க, அது ஊழியர் பயிற்சிக்கு நீங்களே திரும்ப எடுக்கற காசு. கட்டிட்டு எடுக்காம விட்டவங்க எத்தனையோ பேரு. பயிற்சிக்கு அனுப்பினா திரும்பி வந்த அன்னிக்கே மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்க, சொல்லிக் கொடுக்க முடியலைன்னா அந்தக் கோர்ஸ் ஹோட்டல் சாப்பாட்டுக்கு மட்டும் நல்லது.

இதையெல்லாம் கமிட்டியில யாரு எடுத்துச் சொல்றது? பெரியவங்க கோவிச்சுக்கறாங்க.

ஆண்டுக் கூட்டத்துல வைங்க. பதிவு பெற்ற சங்கம்னா கூட்டம் முடிஞ்சு 60 நாளைக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை போகணும், அது இப்ப இரோசஸ்ங்கற ஆன்லைன் சிஸ்டத்துல. பழைய செயலாளர் பதவி போன கோவத்துல லாகின் கொடுக்காம இழுத்தடிச்சு நாள் தாண்டிப் போன கதை பல ஊர்ல உண்டு. அதனால 'ஆன்லைன் கணக்குகள் ஒப்படைப்பு'ன்னு அஜெண்டாவுல ஒரு வரி போட்டுடுங்க, கணக்கறிக்கைக்கு அடுத்ததா, தேர்தலுக்கு முன்னாடி. எந்தெந்த அக்கவுண்ட், யார் யார் கையில இருக்கு, நோட்டு எங்க இருக்குன்னு செயலாளர் எழுந்து படிக்கட்டும், மினிட்ல ஏறட்டும். தேர்தல் முடிஞ்ச பிறகு வச்சீங்கன்னா தோத்தவரு மண்டபத்துலயே இருக்க மாட்டாரு.